எடுபிடி ஆள்தான் இங்கே எஜமான்!

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படம் எடுக்கிறார்கள். பெண்ணைப் படம் எடுக்கிறார்கள். வேர்க்க விறுவிறுக்க சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடியவனை யாராவது படம் எடுத்தது உண்டா?

மாநாடுகளிலும் இதே கதைதான். மேடையில் முழங்கியவர் பெயர் பத்திரிகையில் வரும். நாற்காலி தூக்கிப் போட்டவர் பெயர் எங்கேயும் வராது.

ஆனால் உலகத்தில் ஒரு விசித்திர மாநாடு நடக்கிறது. அங்கே நாற்காலி போடுகிற தொண்டரும் கட்டணம் கட்டிவிட்டுத்தான் நாற்காலி போடுகிறார்! மாநாட்டுத் தலைவரும் கட்டணம் கட்டுகிறார். சிறப்பு விருந்தினர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. முதலாளி என்று ஒருவரும் கிடையாது.

அதுதான் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் உலக மாநாடு. "வேர்ல்டுகான்" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ராக்கெட், வேற்றுக்கிரகம், எந்திர மனிதன் என்று கதை படிக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு ஊரில் கூடுகிறார்கள். 4, 5 நாள் திருவிழா!

இந்த மாநாட்டின் மானம் பரிசளிப்பு மேடையில் இல்லை. முதல் நாள் காலையில் வாசலில் நிற்கிறதே ஒரு எடுபிடிக் கூட்டம், அதன் கையில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை மாநாட்டுக்காரர்கள் இன்னும் சரியாக மதிக்கவில்லை என்பதுதான் நமது கட்சி.

வாசகர் கடிதத்தில் பிறந்தது

இந்த மாநாடு பிறந்த கதையே பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் என்று ஒருவர். லக்சம்பர்க்கில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். 1926-ம் ஆண்டு "அமேசிங் ஸ்டோரீஸ்" என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கடிதம் போட்டார். கடிதம் எழுதியவரின் முழு விலாசத்தையும் சேர்த்துப் போட்டார்.

விளைவு? வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதுவதோடு நிற்கவில்லை. ஒருவருக்கு ஒருவர் நேராகவே கடிதம் போட ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர் மன்றம் முளைத்தது. "நேரில் பார்த்தால் என்ன?" என்ற ஆசை வந்தது.

1937-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு கூட்டம். முன்கூட்டியே அறிவித்துக் கூட்டிய முதல் ரசிகர் மாநாடு இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். வந்தவர்கள் சுமார் 20 பேர்! இடம் எது தெரியுமா? பிரம்மஞான சபை மண்டபம். நம்ம சென்னை அடையாறில் தலைமை நிலையம் வைத்திருக்கிறதே, அதே சபை.

அந்த 20 பேரில் 19 வயதுப் பையன் ஒருவன். பெயர் ஆர்தர் கிளார்க். ஆமாம், 1956-ல் இலங்கைக்குக் குடிவந்து, 2008-ல் கொழும்பில் காலமான அதே எழுத்தாளர்தான்!

1939-ல் நியூயார்க் நகரத்தில் முதல் உலக மாநாடு. சுமார் 200 பேர் வந்தார்கள். உலகப் போர் காரணமாக 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி வருஷம் தவறவில்லை. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் நடந்தபோது 8 ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். 2014-ல் லண்டன் மாநாட்டுக்குப் பணம் கட்டியவர்கள் 10 ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

20 பேர் கூடினால் யாரும் எடுபிடி வேண்டாம். ஆயிரக்கணக்கில் கூடினால்?

முதல் நாள் பாருங்கள்!

ஆங்கிலத்தில் இந்தத் தொண்டர்களுக்குக் "கோஃபர்" என்று பெயர். "போய் அதை எடுத்து வா, போய் இதைக் கொண்டு வா" என்று விரட்டுவதால் வந்த பெயர். நம் பாஷையில் சொன்னால் எடுபிடி! அமெரிக்காவில் வளை தோண்டுகிற ஒரு பிராணிக்கும் அதே பெயர். அதனால் தொண்டர்கள் டீ குடித்து இளைப்பாறும் அறைக்குக் "கோஃபர் வளை" என்று கிண்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கதவு திறக்கும் முன்பே இவர்கள் வேலை ஆரம்பித்துவிடுகிறது. மண்டபம் வெறும் கொட்டகையாகக் கிடக்கும். தரையில் டேப் ஒட்டிக் கடைகளுக்கு எல்லை போடவேண்டும். புத்தகக் கடைக்காரர்கள் வேனில் மூட்டை மூட்டையாகச் சரக்கோடு வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உள்ளே போகவேண்டும்! ஓவியக் காட்சிக்குப் பலகை நிறுத்தவேண்டும். விலைக்கு வரும் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஏலச்சீட்டு மாட்டவேண்டும்.

பொழுது விடிந்தால் முதல் நாள். வாசலில் கியூ!

கியூவில் மூன்று வகை ஆட்கள். முன்பே பணம் கட்டியவர்கள் ஒரு வகை. பேட்ஜை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கேயே பணம் கட்டுகிறவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகைதான் வம்பு. பெயர் தப்பாக அச்சாகி இருக்கும். பணம் கட்டியது கணக்கில் காணாது. நண்பர் பெயரில் வாங்கியதைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லுவார் ஒருவர்.

இந்த மூன்று வகையும் ஒரே ஜன்னலில் நின்றால் என்ன ஆகும்? வம்பு கேஸ் ஒன்று கால் மணி நேரம் இழுத்தால், பின்னால் நிற்கும் 100 பேருக்கும் கால் மணி நேரம் போச்சு! கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். சில்லறைத் தகராறு செய்கிறவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டுகிறவர்தானே கெட்டிக்கார முதலாளி?

உள்ளே இன்னொரு கூத்து. ஒரு அறையில் கருத்தரங்கு முடியும். 10 நிமிடத்துக்குள் அந்தக் கூட்டம் வெளியே போகவேண்டும். பெயர்ப் பலகையை மாற்றவேண்டும். தண்ணீர் வைக்கவேண்டும். மைக்கைத் தட்டிப் பார்க்கவேண்டும். அடுத்த கூட்டம் உள்ளே வரவேண்டும். தீ விபத்துப் பாதுகாப்புச் சட்டப்படி அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் ஒரு ஆளை விட முடியாது. பணம் கட்டி, விமானம் ஏறி வந்தவரிடம், "உள்ளே இடம் இல்லை சார்" என்று சொல்லவேண்டியது யார்? அந்த எடுபிடிதான்! 2019-ல் அயர்லாந்தின் டப்ளினில் மாநாடு நடந்தபோது அறைகளுக்கு வெளியே நின்ற கியூதான் ஊரெல்லாம் பேச்சு.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வழி விடவேண்டும். காது மந்தமானவருக்கு முன் வரிசையில் இடம் பிடித்துத் தரவேண்டும். நீண்ட நேரம் நிற்க முடியாதவரை உட்கார வைக்கவேண்டும். வேற்றுக்கிரகவாசி வேஷம் போட்டு, இறக்கை கட்டி வந்தவர் கதவில் மாட்டிக்கொண்டால் அவரையும் விடுவிக்கவேண்டும்!

இதற்கிடையில் கட்டுப்பாட்டு அறையில் வாக்கிடாக்கி அலறும். "பேச வேண்டியவர் விமானம் தாமதம்." "மாடியில் ஒருவருக்கு மயக்கம்." "குழந்தை ஒன்று அப்பாவைத் தேடுது." மாநாட்டுக்குள்ளேயே ஒரு செய்தித்தாள் அச்சடித்து, நிகழ்ச்சி மாற்றங்களை உடனுக்குடன் போடுவார்கள். அதைக் கொண்டுபோய் விநியோகிப்பதும் எடுபிடியின் தலையில்தான்.

சாயங்காலம் தொடக்க விழா. மேடையில் விளக்கு எரியும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். காலையில் இருந்து நின்றவருக்குக் கால் வீங்கி இருக்கும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. தனக்குப் பிடித்த எழுத்தாளர் பேச்சைக் கேட்கத்தான் அவர் பணம் கட்டினார். அந்தப் பேச்சு நடக்கும்போது அதே அறையின் கதவுக்கு வெளியே நின்று, கியூவை ஒழுங்குபடுத்திக்கொண்டு இருப்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் காதில் விழும்!

வாசலில் நின்ற 6 பேர்

"வாசலில் நிற்கிற வேலை அவ்வளவு பெரிசா?" என்று கேட்கலாம். பெரிசுதான்!

1939-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி. நியூயார்க்கில் முதல் உலக மாநாட்டின் முதல் நாள். ரசிகர் மன்றங்களுக்குள் ஏற்கனவே குழுச் சண்டை. மாநாட்டுக்காரர்களைத் தாக்கி எழுதிய துண்டுப் பிரசுரம் ஒன்று கையில் சிக்கியது. "கலாட்டா செய்யத்தான் வருகிறார்கள்" என்று சந்தேகப்பட்டு, எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த 6 இளைஞர்களை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிரசுரத்தை எழுதியவர் அந்த 6 பேரில் ஒருவர் கூட இல்லை! எழுதியவர் சாவகாசமாக உள்ளே உட்கார்ந்து இருந்தார். அதே கோஷ்டியைச் சேர்ந்த ஐசக் அசிமோவையும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? ஒருவர் பிரடெரிக் போல். அப்போது 19 வயது. பின்னாளில் பெரிய எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர். அதே உலக மாநாட்டின் பரிசுகளைத் திரும்பத் திரும்ப வாங்கியவர். இன்னொருவர் டொனால்டு வோல்ஹைம். 1971-ல் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கிப் பெயர் வாங்கியவர்.

அந்த மாநாட்டில் மேடையில் யார் என்ன பேசினார் என்று கேட்டால் இன்றைக்குச் சொல்ல ஆள் குறைவு. வாசலில் 6 பேரை நிறுத்திய கதையை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை! முதல் நாள் வாசல் என்றால் சும்மாவா?

சினிமா எடுத்த மாணவர்கள்

நல்ல உதாரணமும் இருக்கிறது. அதுவும் தொடக்க விழாவிலேயே!

ஜப்பானில் 1962 முதல் தேசிய அளவில் விஞ்ஞானக் கதை ரசிகர் மாநாடு நடக்கிறது. 1981-ல் 20-வது மாநாடு ஒசாகா நகரில். தொடக்க விழாவில் ஒரு சின்ன கார்ட்டூன் படம் காட்டலாம் என்று கல்லூரி மாணவர்கள் சிலர் கிளம்பினார்கள். கார்ட்டூன் வரைவதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் தாள் வாங்கக் காசு பற்றவில்லை. மலிவான வினைல் தாளை வைத்தே ஒப்பேற்றினார்கள்.

படம் அபாரம்! அந்தக் கூட்டத்தில் இருந்துதான் 1984-ல் கைனாக்ஸ் என்ற கார்ட்டூன் கம்பெனி பிறந்தது. வரைந்தவர்களில் ஒருவரான ஹிடேயாகி அன்னோ, 1995-ல் "இவாஞ்சலியன்" தொடரை எடுத்து உலகப் புகழ் பெற்றார்.

"யாரோ பசங்க, சும்மா எடுபிடி வேலைக்கு வந்திருக்காங்க" என்று யாரையும் ஒதுக்காதீர்கள். அதில் நாளைய டைரக்டர் இருப்பார்!

கூலிக்கு ஆள் வைத்தால் என்ன?

"இவ்வளவு சிரமம் எதுக்கு? ஒரு கம்பெனியிடம் காண்டிராக்ட் விட்டால் கச்சிதமாக முடிப்பானே?" என்று வியாபாரி கேட்பார். நியாயமான கேள்வி.

கரண்ட் வேலை, ஒலிபெருக்கி, காவல் எல்லாம் தெரிந்தவனிடம் கூலிக்கு விடவேண்டியதுதான். அதில் தொண்டு உள்ளம் மட்டும் போதாது. ஆனால் மாநாடு முழுவதையும் விற்றுவிட்டால், கட்டணம் ஏறும். லாபம் தராத நிகழ்ச்சி எல்லாம் நின்றுபோகும். வந்தவர் வெறும் வாடிக்கையாளர் ஆகிவிடுவார்.

இப்போது அவர் உறுப்பினர். நல்ல கதை எது என்று ஓட்டுப் போடுகிறவர் அவர். ஜெர்ன்ஸ்பேக் பெயரால் 1953 முதல் கொடுக்கும் "ஹ்யூகோ" பரிசு அந்த ஓட்டில்தான் கிடைக்கிறது. 2 வருஷம் கழித்து மாநாடு எந்த ஊரில் என்று தீர்மானிப்பதும் உறுப்பினர் ஓட்டுதான். ஓட்டெடுப்பு நடக்கும் ஊருக்கு 500 மைலுக்குள் உள்ள ஊர் போட்டியே போட முடியாது. ஒரே ஊர்க்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? மிச்சம் விழுந்தால் உழைத்தவர்களின் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், அடுத்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பங்கு கொடுப்பதும் வழக்கம்.

பணமும் அவர் பணம், ஓட்டும் அவர் ஓட்டு, உழைப்பும் அவர் உழைப்பு. அப்படியானால் எஜமான் யார்? எடுபிடிதானே!

இதில் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. காசு, லீவு, விசா மூன்றும் கிடைத்தவர்தான் தொண்டுக்கு வர முடியும். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் சாப்பாடு என்று இருக்கிறவர் எப்படி 5 நாள் போய் நிற்பார்? இலவசத் தொண்டை மட்டும் நம்பினால், வசதி உள்ளவர்கள் சங்கமாகவே மாநாடு போய்விடும் ஆபத்து இருக்கிறது.

மாளிகை இருந்தது, பதில் இல்லை

எஜமானுக்குக் கணக்குச் சொல்லவேண்டாமா?

2023 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் மாநாடு நடந்தது. அதற்கென்றே விஞ்ஞானக் கதை மியூசியம் ஒன்று கட்டினார்கள். ஜாஹா ஹதீத் நிறுவனம் வடிவமைத்த பிரம்மாண்டமான மாளிகை! ஆனால் 2024 ஜனவரியில் ஹ்யூகோ ஓட்டுக் கணக்கு வெளியானபோது ஒரே அதிர்ச்சி. போதிய ஆதரவு பெற்றிருந்த சில பெயர்கள் "தகுதி இல்லை" என்று ஒதுக்கப்பட்டு இருந்தன. ஆர்.எஃப்.குவாங் எழுதிய "பேபல்" நாவல் அதில் ஒன்று. ஏன் தகுதி இல்லை? ஒழுங்கான பதில் இல்லை. பிறகு கடிதப் போக்குவரத்து அம்பலமாகி, போட்டியில் இருந்தவர்களின் அரசியல் கருத்துகளை நிர்வாகிகள் துருவிப் பார்த்தது தெரியவந்தது. மூக்கில் விரலை வைத்தார்கள் ரசிகர்கள்.

அடுத்து 2024 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. அங்கே பரிசு ஓட்டுகளைச் சரிபார்த்தபோது சந்தேகம் வந்தது. முதல் எழுத்தை மட்டும் அகரவரிசையில் மாற்றி மாற்றி, மற்றதெல்லாம் ஒரே மாதிரியான பெயர்கள்! 377 ஓட்டுகளைத் தள்ளுபடி செய்தார்கள். அதை மூடி மறைக்கவில்லை. பரிசளிப்புக்கு முன்பே ஜூலையில் அறிக்கை விட்டு, காரணத்தையும் சொன்னார்கள். ஓட்டு விழுந்த போட்டியாளருக்கு இதில் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லி, அவர் பெயரையும் காப்பாற்றினார்கள். சபாஷ்!

மண்டபம் எவ்வளவு பெரிசு என்பது முக்கியம் இல்லை. கேட்டவனுக்கு வாய் திறந்து பதில் சொன்னார்களா என்பதுதான் முக்கியம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, முதல் நாள் காலையில் வாசலில் இரட்டிப்பு ஆட்களை நிறுத்துங்கள். வம்பு கேஸ்களுக்குத் தனி மேஜை போடுங்கள். பாதிக் கியூ காணாமல் போகும்.

இரண்டாவது, 4 மணி நேரம் நின்றவரை உட்கார வையுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மாநாடுகளில் உழைத்த நேரத்துக்குக் "குரோட்" என்று காகிதச் சீட்டு கொடுக்கிறார்கள். குரோட் என்பது அந்தக் காலத்து 4 பென்னி வெள்ளிக் காசு. சீட்டைக் காட்டி மாநாட்டுக்குள் செலவழிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சீட்டு மட்டும் பசியைத் தீர்க்காது. சுடச்சுடச் சாப்பாடும், கால் நீட்ட ஒரு நாற்காலியும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, அவர் ஆசைப்பட்ட ஒரு பேச்சையாவது உள்ளே உட்கார்ந்து கேட்க விடுங்கள். முன்கூட்டியே "எது வேணும்?" என்று கேட்டு, அந்த நேரத்துக்கு வேறு ஆளைப் போடுவது பெரிய காரியமா?

நான்காவது, வாசலில் நிற்பவருக்கு ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கொடுங்கள். ஒருவரை வெளியே நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் தனி ஆளிடம் விடாதீர்கள். பொறுப்பானவர்கள் கூடிப் பேசிக் காரணத்தை எழுதி வையுங்கள். 1939 ஒரு முறை போதும்.

ஐந்தாவது, வசதி இல்லாத இளைஞர்கள் கொஞ்சம் பேருக்காவது கட்டணமும் பயணச் செலவும் கொடுத்துத் தொண்டுக்கு அழையுங்கள். தலை நரைத்தவர்களே எத்தனை நாளைக்கு மேஜை தூக்குவார்கள்?

விண்வெளியில் ஊர் கட்டுவது எப்படி என்று கதை எழுதுகிறவர்கள் இவர்கள். கனவு பெரிசு, வாழ்த்துகிறோம். ஆனால் அந்த ஊருக்குப் போனாலும் காலையில் கதவு திறக்க ஒரு ஆள், தண்ணீர் வைக்க ஒரு ஆள், கியூவில் நிற்கிறவருக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு ஒரு வேளை சாப்பாடும், ஒரு நல்ல வார்த்தையும், கேட்ட கேள்விக்குப் பதிலும் கொடுக்கிற மாநாடுதான் நிலைக்கும்!